கதவுக்குள் காணாமல் போகும் இசை

தாமானுக்குள் கார் நின்றிருக்கும்போது பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. உறுமியின் அடி, பாடகரின் குரல், புல்லாங்குழல் எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. அதே கார் ஜொகூர் பாருவைத் தாண்டி, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் யோங் பெங் நோக்கி மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியதும் உறுமி காணாமல் போகிறது. குரல் மட்டும் மெலிந்து கேட்கிறது. அப்பா ஒலியைக் கூட்டுகிறார். பாட்டு கூடவில்லை, இரைச்சல்தான் கூடுகிறது.

இந்த நேரத்தில் பலருக்கும் தோன்றும் எண்ணம் ஒன்றே: “இந்த ரேடியோ சரியில்லை. இன்னும் அதிக வாட் உள்ள ஒன்றை வாங்கிப் போட வேண்டும்.” வேலைக்குப் போகத் தொடங்கிய அண்ணன் ஒருவர் வீட்டில் இருந்தால், முதல் சம்பளத்தின் ஒரு பகுதி கார் ஆக்சசரி கடைக்குப் போய்ச் சேர்வதையும் பார்த்திருப்பீர்கள். பணம் போன பிறகும் ஒலியில் பெரிய மாற்றம் இல்லாமல் போவதுண்டு. ஏன்?

காரில் ஒலி கெடும் இடம் பெரும்பாலும் ரேடியோ அல்ல. கதவில் கெடுகிறது, கம்பியில் கெடுகிறது, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கெடுகிறது. அதை எங்கே இழக்கிறோம் என்று கண்டுபிடிக்கப் படிவம் 4, படிவம் 5 இயற்பியல் பாடங்களே போதும். இன்றைய பல கார்களில் ரேடியோ, திரை, பின்புறக் கேமரா எல்லாம் ஒன்றாக இணைந்திருப்பதால் அதைக் கழற்றி மாற்றுவதும் எளிதல்ல. ஆகவே தொழிற்சாலை பொருத்திய ரேடியோவை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றை எப்படிச் சரிசெய்யலாம் என்று பார்ப்போம்.

அட்டையில் 50 வாட், உண்மையில் எவ்வளவு?

கடையில் விற்கும் ரேடியோக்களின் அட்டையில் ‘50 வாட் × 4’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். இந்த எண் எங்கிருந்து வருகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காரின் பேட்டரி 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை ஏறக்குறைய 14.4 வோல்ட் வரை உயர்த்தும். கார் ஸ்பீக்கரின் மின்தடையைப் பொதுவாக 4 ஓம் என்று எடுத்துக்கொள்ளலாம். திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை. எனவே 14.4 × 14.4 ÷ 4 = 51.8 வாட். அட்டையில் உள்ள 50 வாட் இதுதான்!

ஆனால், மின்னழுத்தம் எந்நேரமும் உச்சத்திலேயே இருந்தால்தான் இந்த 50 வாட் கிடைக்கும். அப்படிப்பட்ட அலை சதுர வடிவில் இருக்கும். அதைக் கேட்டால் இசையாக இருக்காது, கரகரப்பாக இருக்கும். இசையின் அலை ஏறி இறங்கும். எளிய சைன் அலையை எடுத்துக்கொண்டால், பயன்தரும் மின்னழுத்தம் உச்சத்தில் 0.707 பங்கு, அதாவது 10.2 வோல்ட். இப்போது 10.2 × 10.2 ÷ 4 = 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்பையும் கழித்தால் தெளிவாகக் கிடைப்பது 20 வாட்டை ஒட்டியே இருக்கும். ‘ஆர்.எம்.எஸ்.’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைத்தான் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சாட்சி ரேடியோவின் பின்புறம் உள்ள ஃபியூஸ். அதில் 10 ஆம்பியர் என்று இருந்தால், 10 × 14.4 = 144 வாட். அதற்குமேல் அந்தப் பெட்டி தொடர்ந்து மின்சாரம் எடுக்க முடியாது. உள்ளே போவதே 144 வாட் என்றால், 50 வாட் × 4 = 200 வாட் எப்படித் தொடர்ந்து வெளியே வரும்? ஆற்றல் அழியாமை விதி ஆக்சசரி கடைக்கும் பொருந்தும்.

திறனை இரு மடங்காக்கினால் ஒலி இரு மடங்காகக் கேட்கும் என்றும் நினைக்காதீர்கள். இரு மடங்கு திறன் கூட்டுவது 3 டெசிபல் மட்டுமே. நம் காது அதை ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்றுதான் உணரும். இரு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு திறன் வேண்டும். அதனால் ஸ்பீக்கர் வாங்கும்போது அதன் வாட்டைவிட, ‘உணர்திறன்’ என்னும் எண்ணைப் பாருங்கள். ஒரே அளவு மின்திறனுக்கு 87 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபல் தருவதைப் போட்டால், ரேடியோவின் திறனை இரு மடங்காக்கியதற்குச் சமம்.

ஸ்பீக்கர் முன்னும் பின்னும் பாடுகிறது

ஸ்பீக்கருக்குள் ஒரு காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாறும்போது காந்தப்புலம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. படிவம் 5 மின்காந்தவியல் பாடத்தில் வரும் அதே விசைதான். கூம்பு முன்னே போகும்போது முன்னால் உள்ள காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் பின்னால் உள்ள காற்று தளர்கிறது. முன்னால் முகடு என்றால் பின்னால் அகடு.

இந்த இரண்டு அலைகளும் ஒன்றையொன்று சந்தித்தால்? ஒன்றை ஒன்று அழித்துவிடும். பாடநூலில் ‘இன்டர்ஃபெரன்ஸ் மெமுஸ்னா’ என்று நீங்கள் படிக்கும் அழிவுக் குறுக்கீடு இதுதான்.

எல்லா ஒலியும் இப்படி அழிவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். 3,500 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் 350 ÷ 3,500 = 0.1 மீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர்தான். அத்தகைய ஒலி கூம்புக்கு நேரே பாயும், எளிதில் வளைந்து பின்னால் போகாது. ஆனால் 70 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5 மீட்டர். ஏறக்குறைய ஒரு காரின் நீளம்! இவ்வளவு நீண்ட அலை, சிறு ஓட்டை இருந்தாலும் வளைந்து மறுபக்கம் போய்விடும்.

இப்போது கார்க் கதவை நினைத்துப் பாருங்கள். உள்பக்க பிளாஸ்டிக் பலகையைக் கழற்றினால், பின்னால் உள்ள உலோகத்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் தெரியும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைப் பொருத்துவதற்காக விட்ட இடங்கள் அவை. பல கார்களில் அவற்றை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே மூடியிருக்கும். மழைநீருக்கு அது போதும், ஒலிக்குப் போதாது. ஸ்பீக்கரின் பின்புறத்திலிருந்து வரும் அலை அந்த ஓட்டைகள் வழியே வெளியேறி, முன்புற அலையைச் சந்தித்து அழிக்கிறது. அழிவது முதலில் தாழ்ந்த ஒலிதான். உறுமி காணாமல் போகும் இடங்களில் ஒன்று இதுதான்!

நெடுஞ்சாலையில் டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதியும் தாழ்ந்த அதிர்வெண்ணில் உள்ளது. ஏற்கெனவே மெலிந்துபோன பேஸ் ஒலியை அந்த இரைச்சல் முழுதாக மூடிவிடுகிறது.

கதவை எப்படிச் சரிசெய்வது?

கார் வைத்திருக்கும் பெரியவரோடு சேர்ந்து, எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. மூன்று படிகள்.

முதலாவது, உலோகத்தகட்டை அடக்குவது. கதவின் வெளித்தகட்டை விரல் மூட்டால் தட்டுங்கள். ‘டங்ங்’ என்று நீண்டு ஒலித்தால், பாட்டு ஓடும்போதும் அது தானாக அதிர்ந்து தன் ஒலியைச் சேர்க்கும். இது ஒத்ததிர்வு, ‘ரெசோனன்ஸ்’. ஒரு பக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் பியூட்டைல் ரப்பர் பசையும் உள்ள ஒட்டுத்தாள் கடைகளில் கிடைக்கும். அதை உள்ளிருந்து ஒட்டி, உருளையால் நன்றாக அழுத்த வேண்டும். தகடு அதிரும்போது ரப்பர் இழுபட்டு அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். மறுபடி தட்டுங்கள். ‘டக்’ என்று நின்றுவிடும். வெளித்தகடு முழுவதும் ஒட்டத் தேவையில்லை. அகன்று கிடக்கும் நடுப்பகுதியில் கால்பங்கு மூடினாலே பெரும்பயன் கிடைக்கும். விலை மலிவு என்று கூரைக்கு ஒட்டும் தார்ப்பட்டையை வாங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் அது இளகி வழியும், நாற்றமும் வரும்.

இரண்டாவது, உள்தகட்டின் ஓட்டைகளை மூடுவது. இங்கே கால்பங்கு போதாது, முழுவதும் மூட வேண்டும். பெரிய ஓட்டைக்கு விறைப்பான பிளாஸ்டிக் தகட்டை வெட்டி வைத்து, அதன்மேல் ஒட்டுத்தாளை ஒட்டலாம். பின்னாளில் கண்ணாடிப் பொறி பழுதானால் கழற்ற முடியும்படி செய்யுங்கள்.

மூன்றாவது, ஸ்பீக்கரின் விளிம்புக்கும் கதவுக்கும் இடையே நுரைப்பட்டை வைத்து, காற்று கசியாமல் இறுக்கமாகத் திருகுவது.

இரண்டு எச்சரிக்கைகள். கதவின் அடிவிளிம்பில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கும் மழைநீர் அதன் வழியேதான் வெளியேறுகிறது. ஆண்டு இறுதியில் ஜொகூரில் பெய்யும் மழையை நினைத்துப் பாருங்கள். அந்தத் துளைகளை அடைத்தால் கதவு தண்ணீர்த் தொட்டியாகித் துருப்பிடிக்கும். நீரை உறிஞ்சும் பஞ்சையும் உள்ளே திணிக்காதீர்கள். அடுத்து, புதிய ஸ்பீக்கர் பொருத்தும் முன் கண்ணாடியை முழுவதும் இறக்கிப் பாருங்கள். காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி இடிக்கும்.

கூட்டலும் கழித்தலும் மாறினால்

இதற்கு ஒரு சென்கூடச் செலவில்லை. ஆனால் பல கார்களில் இதுவே தவறாக இருக்கும். ஸ்பீக்கரில் கூட்டல், கழித்தல் என்று இரண்டு முனைகள் உண்டு. வலது கதவில் சரியாகவும் இடது கதவில் மாற்றியும் இணைத்தால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும். மறுபடியும் அழிவுக் குறுக்கீடு! பேஸ் குறையும். பாடகர் எங்கிருந்து பாடுகிறார் என்றே தெரியாத ஒரு குழப்பம் இருக்கும்.

சோதிப்பது எளிது. ஸ்பீக்கரின் கம்பிகளை ரேடியோவிலிருந்து பிரித்துவிட்டு, 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றை ஒரு கணம் மட்டும் தொடுங்கள். மின்கலத்தின் கூட்டல் முனை ஸ்பீக்கரின் கூட்டல் முனையோடு சேரும்போது கூம்பு வெளிப்புறம் நகர வேண்டும். எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே திசையில் நகர்ந்தால், அதே முனைகளில் ரேடியோவின் கம்பிகளையும் முறையாக இணைத்துவிடுங்கள்.

ஓட்டுநர் நடுவில் இல்லை

வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்காரலாம். காரில் முடியாது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார். வலது ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டர் தொலைவிலும் இடது ஸ்பீக்கர் 140 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 50 சென்டிமீட்டர். 0.5 ÷ 350 = 0.0014 வினாடி. ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லாத இந்த நேரம் என்ன செய்துவிடும்?

50 சென்டிமீட்டர் என்பது 350 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளத்தில் சரிபாதி. ஆகவே அந்த அதிர்வெண்ணில் இரண்டு ஸ்பீக்கர்களின் அலைகளும் ஓட்டுநரின் காதுக்கு எதிரெதிராக வந்து சேர்கின்றன. மனிதக் குரலுக்கு உடல் கொடுக்கும் பகுதி அது. குரல் ‘மெலிந்து’ கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ‘பேலன்ஸ்’ பொத்தானை இடப்பக்கம் திருப்பினால் சத்த அளவு சமமாகும், நேரம் சமமாகாது. சில ரேடியோக்களின் அமைப்புப் பட்டியலில் ‘டைம் அலைன்மென்ட்’ என்று ஒன்று இருக்கும். அருகில் உள்ள ஸ்பீக்கரை 1.4 மில்லிவினாடி தாமதிக்கச் சொன்னால் பாடகர் மீண்டும் கண்ணாடிக்கு நடுவே வந்து நின்று பாடுவதுபோல் கேட்கும்.

அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், வங்காளத்திலிருந்து சென்று குடியேறிய ஒருவரின் மகன். எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் 1964-இல் தம் பெயரில் ஒலிக்கருவி நிறுவனம் தொடங்கினார். 1980களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கென்றே ஒலி அமைப்பை வடிவமைத்தது. வாங்குபவரின் வீட்டு அறை எப்படி இருக்கும் என்று ஸ்பீக்கர் செய்பவருக்குத் தெரியாது. காரிலோ இருக்கை எங்கே, கண்ணாடி எங்கே, காது எங்கே என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். கார் ஒலிக்கு மோசமான இடம் என்று பலரும் நினைத்த காலத்தில், அந்தத் தகவலையே பயனாக மாற்றிக்கொண்டார்கள். நீங்கள் அளவுநாடாவை எடுத்துத் தொலைவை அளக்கும்போது செய்வதும் அதே வேலைதான்.

பேஸ் பொத்தானைத் திருகும் முன்

பேஸ் குறைவு என்றதும் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும். பேஸை 6 டெசிபல் கூட்டினால் அந்த ஒலிக்கு 4 மடங்கு திறன் தேவை. 10 டெசிபல் கூட்டினால் 10 மடங்கு. 20 வாட் ரேடியோவிடம் 200 வாட் கேட்டால் அது எங்கே போகும்? அலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். சதுர அலைக்கு நெருங்கிய அந்தக் கரகரப்பைத் தொடர்ந்து கேட்டால் சிறிய டுவீட்டர்கள் சூடாகி எரிந்துபோகக்கூடும்.

மாறாக, மிகுந்து கேட்பதைக் குறையுங்கள். குரல் கூச்சலாக இருந்தால் நடுப்பகுதியை 2 அல்லது 3 டெசிபல் இறக்குங்கள். கைப்பேசியில் உள்ள தனி ஒலிச்சீர்ப்படுத்தியை அணைத்துவிடுங்கள். இரண்டு இடத்தில் ஒரே ஒலியைக் கூட்டினால் வெட்டுப்படுவது இன்னும் விரைவில் நடக்கும்.

ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்றால்

மேலே சொன்னவை எல்லாம் முடிந்த பிறகும் போதவில்லை என்றால்தான் தனி ஆம்ப்ளிஃபயர். இங்கே வேடிக்கை முடிந்து ஆபத்து தொடங்குகிறது. மின்கம்பி வேலையைத் தெரிந்த பட்டறைக்காரர் செய்யட்டும். அவர் சரியாகச் செய்கிறாரா என்று தெரிந்துகொள்ள நமக்குக் கணக்கு வேண்டும்.

உண்மையாகவே 400 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர், வெப்ப இழப்பையும் சேர்த்து முழு வலுவில் 570 வாட் அளவுக்கு எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 14 வோல்ட்டில் அது ஏறக்குறைய 40 ஆம்பியர். வீட்டில் 2,000 வாட் மின்கெட்டில்கூட 240 வோல்ட்டில் எடுப்பது 8 ஆம்பியரைச் சற்றுத் தாண்டித்தான். மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் கூடும்.

இந்த 40 ஆம்பியரை, வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 5 மீட்டர் அனுப்பினால் என்ன ஆகும்? கம்பியின் மின்தடை சுமார் 0.057 ஓம். வெப்பம் = 40 × 40 × 0.057, ஏறக்குறைய 90 வாட். கால்மிதிக்கு அடியில் ஒரு சூடான இஸ்திரிப் பெட்டியை மறைத்து வைத்ததுபோல்! அதுவே 20 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 7 வாட்தான். வெளியே செம்பு பூசி உள்ளே அலுமினியம் வைத்த மலிவுக் கம்பியும் உண்டு. அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல் ஏறக்குறைய 1.6 மடங்கு. வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேட்டரியிலிருந்து வரும் கம்பியில், பேட்டரிக்கு மிக அருகிலேயே, 45 சென்டிமீட்டருக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்கு மட்டும் அல்ல, கம்பியைக் காப்பதற்கு. ஃபியூஸ் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் இருந்து, நடுவழியில் கம்பி உராய்ந்து உடற்தகட்டைத் தொட்டால், பேட்டரியின் முழு மின்னோட்டத்தையும் தடுக்க எதுவும் இல்லை. கார்த் தீ இப்படித் தொடங்கலாம்.

மின்கம்பி ஒரு பக்கமும் ஒலிக்கம்பி மறுபக்கமும் போகட்டும். அருகருகே போனால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ங்ங்’ என்ற இரைச்சல் பாட்டில் கலக்கலாம். இது பழைய தொல்லை. 1930-இல் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கியபோதே, எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் இரைச்சலை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

இன்னொன்று: மஞ்சள் நிற இணைப்பி உள்ள கம்பிகளைத் தொடவே கூடாது. அவை பெரும்பாலும் காற்றுப்பையின் கம்பிகள். ஸ்டீயரிங் பக்கமும், பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள தூண்களிலும் டுவீட்டர் பொருத்த வேண்டாம். தொழிற்சாலைக் கம்பியை வெட்டாமல், செருகிக்கொள்ளும் இணைப்பியைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதக் காலம் முடியாத காராக இருந்தால் முதலில் விற்பனை நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

காதுக்கும் கணக்கு உண்டு

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகளின்படி, வேலையிடத்தில் ஒருவர் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் அளவைத் தாண்டிக் கேட்கக்கூடாது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 88 டெசிபலில் 4 மணி நேரம், 94-இல் 1 மணி நேரம், 100-இல் 15 நிமிடம் மட்டுமே. உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஸ்பீக்கருக்கு மாற்று உண்டு, காதுக்கு இல்லை. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலி கேட்காத அளவுக்குச் சத்தம் வைப்பது மற்றவர் உயிருக்கும் ஆபத்து.

கதவைச் சரிசெய்வதன் உண்மையான பயன் இங்கேதான். சாலை இரைச்சல் குறைந்து பாட்டு தெளிவானால், ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையே குறைகிறது.

செய்து பாருங்கள்

இந்த வாரம் பெரியவர் ஒருவரின் அனுமதியோடு, நிறுத்தி வைத்த காரில் இவற்றைச் சோதியுங்கள்.

1. நான்கு கதவுகளையும் தட்டிப் பாருங்கள். எது நீண்டு ஒலிக்கிறது?

2. ஓட்டுநரின் தலை இருக்கும் இடத்திலிருந்து வலது, இடது ஸ்பீக்கர்களுக்குள்ள தொலைவை அளந்து, நேர வேறுபாட்டைக் கணக்கிடுங்கள்.

3. பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, பேஸ், டிரெபிள் இரண்டையும் சுழியத்தில் வைத்துக் கேளுங்கள். பிறகு ‘பேலன்ஸ்’ பொத்தானை முழு இடம், முழு வலம், நடு என்று மாற்றுங்கள். நடுவில் வைக்கும்போது பேஸ் கூடாமல் குறைந்தால், எங்கே தவறு என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

விடைகளைக் குறிப்பேட்டில் எழுதி அண்ணனிடம் காட்டுங்கள். கடைக்குப் போகும் முன் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.